கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்தவர்கள்

ஹெரன் பாயின்ட், தென் கரோலினா
1997 ஏப்ரல் 14, திங்கள்

திருமதி கிளெண்டா ஸ்ட்ரிக்லண்ட் அவர்களுக்கு,

நேற்றுத் தொலைபேசியை உங்கள் காதில் படாரென்று வைத்தது நான்தான். கை தவறி வைக்கவில்லை. திரும்ப அழைக்காதீர்கள். அழைத்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். எழுதினால் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சாவது விடலாம்.

"கல்லறைத் தோட்டத்தப் போய்ப் பாரு எர்னஸ்டின், அசந்துபோயிடுவ" என்றீர்கள். போனேன். அசந்துதான் போனேன். மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்து, மேலே புது மண் கொட்டி, புல் விதையும் தூவி வைத்திருக்கிறீர்கள். பந்து விளையாடலாம் போல இருக்கிறது. எங்கள் ஆட்கள் நூற்றிருபது பேர் அதற்கடியில் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் எழுதிய கல் மொத்தமே ஏழு. மற்றவர்களின் பெயர்களை நீங்கள் சனிக்கிழமை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

உடைந்த கோப்பை, நின்றுபோன கடிகாரம், விளக்குக் கண்ணாடி, கிளிஞ்சல், ஒற்றைச் செருப்பு. உங்களுக்குக் குப்பை. செத்தவர் கடைசியாகத் தொட்டது எதுவோ அதைத்தான் நாங்கள் அவர் மேல் வைப்போம். வைக்கும்முன் அதன் அடியைத் தட்டி உடைப்போம். அப்போதுதான் சங்கிலி அறும். போனவர் வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூட இழுத்துக்கொள்ள மாட்டார். கல் வாங்க வசதியில்லாத காலத்திலிருந்து அதுதான் எங்களுக்குக் கல்.

உங்கள் டிரினிட்டி சபையும் எங்கள் எபனேசர் சபையும் அரை மைல் தள்ளி நிற்கின்றன. நூற்றுமுப்பது வருடமாக வெள்ளையர் வாசலைக் கறுப்பரும், கறுப்பர் வாசலை வெள்ளையரும் மிதித்ததில்லை. உங்கள் போதகர் ஹாலிஸ் ஆறு வாரம் இன ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். பிறகு எங்கள் இடத்தில் ஒரு சேவை நாள் நடத்துகிறோம் என்று கேட்டு வந்தீர்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. யூலா எழுந்து, "அவங்க கையில துடைப்பத்தக் குடுத்தா எதையெல்லாம் பெருக்கிட்டுப் போவாங்களோ" என்றாள். அவளை உட்காரச் சொன்னது நான். "கிளெண்டாவ எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல பத்தொம்பது வருஷம் ஒரே அடுப்புல வெந்திருக்கோம்" என்று உங்களுக்காக வாதாடினேன். இன்று யூலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை நான் என் வீட்டுக்காரர் அலோன்ஸோவோடு சார்ல்ஸ்டன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்கள் ஆண்கள் உங்கள் ஆட்களோடு எங்கள் சபைக் கூடத்துக் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உங்களுக்காக மீன் பொரித்து, சிவப்புச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மரங்களுக்கு அப்பால் உங்கள் டிராக்டர் என்ன செய்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. விருந்தாளிக்குப் பின்னால் காவல் போட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் டெல்ஃபீன் 1969-ல் மூளைக்காய்ச்சலில் போனாள். ஆறு வயது. கடைசியாகத் தண்ணீர் குடித்தது ஒரு நீலக் கண்ணாடிக் குவளையில். இருபத்தேழு வருடமாக அவள் தலைமாட்டில் அது இருந்தது. அலோன்ஸோவின் நுரையீரல் முடிந்துவிட்டது. ஒரு மாதம் தாண்டாது என்கிறார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மகளுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். எந்த மூலை என்று எனக்குத் தெரியும். அந்த மூலையில் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒரு முழம் தள்ளித் தோண்டினால் வேறொருவர் மேல் மண்வெட்டி இறங்கும்.

குவளையை யார் எடுத்தார்கள், எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

எர்னஸ்டின் மானிகோ


ஏப்ரல் 17

அன்புள்ள எர்னஸ்டின்,

திருமதி என்றும் நீங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. நாம் எப்போது அப்படி ஆனோம்?

நடந்தது தப்புத்தான். ஆனால் வேண்டுமென்று செய்தது போல நீ எழுதியிருப்பது நியாயமில்லை. நாற்பத்துமூன்று பேர் விடிந்ததும் வந்தோம். எழுபது வயதுக்காரர்கள் முட்செடியைக் கையால் பிடுங்கினார்கள். என் உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அந்த இடம் இடுப்பளவு புதராகக் கிடந்தது. துருப்பிடித்த கடிகாரத்தையும் ஓட்டைப் பாத்திரத்தையும் பார்த்தால் யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்? உங்கள் சபைக்கு இப்படி அவமரியாதை செய்திருக்கிறார்களே என்று மார்ஜ் அழுதாள். அழுதுகொண்டேதான் பெருக்கினாள். இதுதான் வழக்கம் என்று உங்கள் ஆட்களில் ஒருவராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

லாரிக்காரரிடம் கேட்டேன். கவுண்டிக் குப்பைமேட்டில் கொட்டியாகிவிட்டதாம். நீலக் குவளையைப் பற்றி எல்லாரிடமும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லையாம்.

போதகர் ஹாலிஸ் மிகவும் வருத்தப்பட்டார். சும்மா இருக்கக்கூடாது என்று பெண்கள் சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. புதிய கோப்பைகள் நாற்பத்தெட்டு, நல்ல கனமானவை, உங்கள் சபைக்கு அனுப்புகிறோம். போனதற்கு ஈடாகாது என்று தெரியும். எங்கள் மனதுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது.

மே 18 பெந்தெகொஸ்தே ஞாயிறு கூட்டு ஆராதனையில் நீ பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தாய். அதை மட்டும் நிறுத்திவிடாதே. இரண்டு சபையும் இதற்காக எவ்வளவு ஜெபித்திருக்கிறது.

அலோன்ஸோவுக்கு என் ஜெபம் உண்டு.

உன் கிளெண்டா


ஏப்ரல் 22

திருமதி ஸ்ட்ரிக்லண்ட் அவர்களுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டுக் கோப்பை. ஒவ்வொன்றிலும் "டிரினிட்டி சபை" என்று நீல எழுத்தில் அச்சடித்து, அதன் கீழே "ஒரே மந்தை" என்று போட்டிருக்கிறது. எங்கள் பிணங்களின் மேல் உங்கள் பெயரை வைக்கச் சொல்கிறீர்களா? யார் உதடும் படாத கோப்பையை எந்தச் சவத்துக்கு நான் வைப்பது? உங்கள் மனதுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்ததாம். உங்கள் மனதுக்குச் செய்வதற்குப் பெயர் சேவையா?

பெட்டியைத் தெருவில் வீசப் போனேன். அலோன்ஸோ கட்டிலிலிருந்தே தடுத்தார். "உள்ள வையி. கப்பு என்ன பாவம் பண்ணுச்சு, அச்சடிச்சவன் பண்ணதுக்கு?" அவருக்கு இன்னும் சிரிக்க முடிகிறது. சிரித்தால் பதினைந்து நிமிடம் இருமுகிறார்.

வியாழக்கிழமை உங்கள் போதகர் வந்தார். முப்பத்துநாலு வயது. என் தங்கை மகனை விடச் சின்னவர். "எர்னஸ்டின், இத மனசுல வச்சுக்காத. மன்னிப்புதான் நம்மள விடுவிக்கும்" என்றார். எனக்கு அறுபத்துநாலு வயது. உங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் "திருமதி ஸ்ட்ரிக்லண்ட் ரொம்ப நொந்துபோயிட்டாங்க" என்கிறார். நான் எர்னஸ்டின், நீங்கள் திருமதி. ஆறு வாரப் பிரசங்கத்தில் அவர் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

"பெந்தெகொஸ்தேவுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். நடந்ததப் பத்திப் பேசணும்னு இல்ல" என்றும் சொன்னார்.

"அப்ப எதப் பத்திப் பேசறது, மீனப் பத்தியா?" என்று கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாம் எப்போது இப்படி ஆனோம் என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்கிறேன். 1971-ல் நீங்கள் சமையல்கட்டுக்கு வந்தபோது ஐம்பது பேருக்குச் சோளக் கஞ்சி கிண்டத் தெரியாது. அடிப்பிடிக்காமல் கிண்ட நான் காட்டிக் கொடுத்தேன். முதல் மூன்று வருடம் நான் உங்களை "கிளெண்டா அம்மா" என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் முதல் நாளே என்னை எர்னஸ்டின் என்றீர்கள். நாலாம் வருடம் மேற்பார்வைப் பதவி வந்தது. யாருக்கு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அன்று நீங்கள் எனக்குக் கேக் வெட்டிக் கொடுத்தீர்கள். நான் தின்றேன். அந்தக் கேக் இருபது வருடமாக என் தொண்டையில் நிற்கிறது.

எனக்கு ஒரு மகள் இருந்து போனாள் என்று உங்களிடம் ஒருநாள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது சொன்னேன். ஐயோ பாவம் என்றீர்கள். எங்கே புதைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். காட்டியிருந்தால் இன்று அவள் காணாமல் போயிருக்க மாட்டாள்.

பேச வரமாட்டேன். எங்கள் சபையும் வராது. நான் கேட்டது ஒரு இடம். கோப்பை இல்லை.

எர்னஸ்டின் மானிகோ


மே 2

எர்னஸ்டின்,

எனக்கும் கோபம் வரும். வருகிறது.

நேற்றுக் குப்பைமேட்டுக்குப் போனேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அறுபத்தொரு வயதில். காவல்காரன் சிரித்தான். "பாட்டி, நீங்க தேடறது பன்னெண்டு அடி மண்ணுக்குக் கீழ இருக்கு" என்றான். மூன்று மணி நேரம் கிளறினேன். கிடைத்தது ஒரு கடிகார முள். யாருடையது என்றும் தெரியவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

கேட்கவில்லை என்கிறாய். ஆமாம், கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் நீயும் என்னை உன் வீட்டுக்கு ஒருநாள் கூப்பிட்டதில்லை. எல்லாக் கதவையும் நான் ஒருத்திதான் சாத்தி வைத்தேன் என்பது போல எழுதாதே. பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறாயா? எனக்கு மூன்று பிள்ளைகள், குடிகாரப் புருஷன்.

நான் என்ன செய்தால் உனக்குப் போதும்? அதையாவது சொல்.

கிளெண்டா


மே 5

திருமதி ஸ்ட்ரிக்லண்ட்,

கூப்பிட்டேன். 1974, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், அலோன்ஸோவின் பிறந்தநாள். வருகிறேன் என்றீர்கள். கடைசியில் உங்கள் மைத்துனர் கையில் ஒரு பழக் கேக் வந்தது. அவர் வண்டியை நிறுத்தாமல் வேலிக்கு மேலே நீட்டிவிட்டுப் போனார்.

நீங்கள் அனுப்பிய முள் சார்லி கிப்ஸின் கடிகாரத்துடையது. யூலாவின் அப்பா. அவள் பார்த்ததுமே கண்டுகொண்டு, வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

அலோன்ஸோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நேற்றுக் கேட்டார், "புள்ளயக் கண்டுபிடிச்சிட்டியா?" கண்டுபிடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். நாற்பத்தோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அதையும் உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எ. மானிகோ


மே 7, புதன்

எர்னஸ்டின்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை திருப்பிப் படிக்காமல் உறையில் போடுகிறேன்.

குவளை என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். இடி விழுந்து பிளந்த தேவதாரு மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இலைக்குள் நீலமாகத் தெரிந்தது. எடுத்துத் துடைத்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அடியில் ஓட்டை. உபயோகப்படாது, குப்பைக்குத்தானே போகிறது என்று ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். சமையலறை ஜன்னலில் வைத்தேன். உன் முதல் கடிதத்தை அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். தலைக்கு மேல் அது இருந்தது. யாரும் பார்க்கவில்லையாம் என்று அங்கேயே எழுதினேன்.

பயந்துவிட்டேன். வெட்கம். என்னைத் திருடி என்று நீ நினைத்துவிடுவாய் என்று. மூன்று வாரம் உன் புருஷனின் கடைசி ஆசையை விட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

நேற்றுப் போதகரிடம் சொன்னேன். "இதப் பெருசு பண்ண வேண்டாம் திருமதி ஸ்ட்ரிக்லண்ட். பெந்தெகொஸ்தே முடியட்டும், மெதுவாத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார்.

"அதுக்குள்ள அலோன்ஸோ செத்துடுவாரு" என்றேன்.

"அது கர்த்தரோட சித்தம்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நீ என் மேல் கோபப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. சேவைக் குழுவின் சாவியை அவர் மேசையில் போட்டுவிட்டு வந்தேன்.

இனி கவனமாகப் படி. இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் தெரியுமா? எடுத்தபோது சுற்றுமுற்றும் பார்த்தேன், யாராவது கவனிக்கிறார்களா என்று. குப்பையை எடுக்கிறவள் ஏன் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும்? எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது எர்னஸ்டின். பெயர்தான் தெரியவில்லை. யாரோ வைத்த பொருள் என்று கைக்குத் தெரிந்தது.

தேவதாரு மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், டிராக்டர்க்காரர் கண்ணில் படாமலிருக்க. நேரே உங்கள் ஆலய மணி தெரிந்தது. அங்கிருந்து முன்னால் நான்கு எட்டு வைத்துக் குனிந்தேன். இன்று விடிகாலையில் போய் அதே போல நின்று, நான்கு எட்டு வைத்து, ஒரு குச்சியை நட்டு அதில் என் சமையல் துணியைக் கட்டியிருக்கிறேன். மஞ்சள் கட்டம் போட்ட துணி.

குவளையை உங்கள் போதகர் ஃப்ரேசரிடம் கொடுத்திருக்கிறேன். நானே அங்கு வைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் இனி அந்த மண்ணில் எதையும் தொடமாட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை இல்லை.

கிளெண்டா


மே 18, பெந்தெகொஸ்தே ஞாயிறு, மாலை

கிளெண்டா,

அலோன்ஸோ செவ்வாய்க்கிழமை மதியம் போனார். நேற்று அடக்கம் செய்தோம்.

உன் கடிதம் வந்த அன்று குவளையை அவர் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். அதில் ஒரு சின்ன விரிசல் இருக்கும், டெல்ஃபீன் பல்லால் கடித்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தார். "எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். கிளெண்டா வீட்டு ஜன்னலில் என்றேன். குவளையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு, "நல்லா வெயில் பட்டிருக்கும்" என்றார். எனக்கு உன் மேல் இருந்த கோபத்துக்கு அவர் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

உன் துணி கட்டிய குச்சிக்குப் பக்கத்தில் ஆட்கள் தோண்டினார்கள். நான் நகராமல் நின்றேன். நாலடி ஆழத்தில் ஒரு பக்கமாக மண் சரிந்து, பித்தளைக் கைப்பிடி ஒன்று விழுந்தது. யூலாவின் மகன் அதைத் துடைத்து என்னிடம் நீட்டினான். எங்கள் துணி அலமாரியின் கைப்பிடி. அறுபத்தொன்பதில் சவப்பெட்டிக்குப் பிடி வாங்கக் கையில் காசில்லாமல் அலோன்ஸோ அலமாரியிலிருந்து இரண்டைக் கழற்றி, அவள் பெட்டியில் தானே திருகினார். அந்த இழுப்பறையை இன்றைக்கும் கத்தியை விட்டு நெம்பித்தான் திறக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவளேதான். ஒரு முழம்கூடத் தள்ளவில்லை.

இன்று உங்கள் ஆராதனை நடந்திருக்கும். எங்கள் ஆள் ஒருவரும் வரவில்லை. நீயும் போகவில்லை என்று ஃப்ரேசர் சொன்னார்.

ஒன்று கேள். கடைசி இரண்டு நாள் அலோன்ஸோவின் கை நடுங்கியது. எங்கள் கண்ணாடி டம்ளர் எல்லாம் நழுவியது. "அந்தப் பெட்டியிலேருந்து ஒண்ணு எடு, கனமா இருக்கும்" என்றார். மாட்டேன் என்றேன். "எர்னு, சாகப்போறவனோட சண்டைக்கு நிக்காத" என்றார். எடுத்துக் கொடுத்தேன். செவ்வாய் மதியம் அதில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒன்றும் குடிக்கவில்லை.

எங்கள் வழக்கம் உனக்கு இப்போது தெரியும். கடைசியாகத் தொட்டது எதுவோ அதுதான். எனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. சுத்தியலை எடுத்து நானே அடியைத் தட்டினேன். முதல் அடியில் உடையவில்லை. கனமான கோப்பைதான். மூன்றாவது அடியில் உடைந்தது. உங்கள் டிரினிட்டி சபை என் வீட்டுக்காரர் தலைமாட்டில் மண்ணில் பாதி புதைந்திருக்கிறது. பக்கத்தில் நீலக் குவளை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. என்றைக்காவது வந்தால் சொல்கிறேன், வராவிட்டால் இல்லை. அதற்காகக் காத்திருக்காதே, வேலை கிடக்கிறது. நீங்கள் தூவிய புல் முளைத்துவிட்டது. எங்கள் கல்லறை மேல் நாங்கள் புல் வளர விடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்க வேண்டும். மற்ற பத்துப் பேரும் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் பேர். யூலாவுக்குப் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும். நாங்கள் சொல்லச் சொல்ல எழுத ஒரு கை வேண்டும்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு வா. உன் போதகர் வேண்டாம், கேமரா வேண்டாம், நாற்பத்துமூன்று பேர் வேண்டாம். நீ மட்டும். நான் தொடு என்கிற வரை எதையும் தொடாதே.

வேலிப்பக்கமாக வந்தால் முதலில் அந்தக் கோப்பைதான் உன் கண்ணில் படும். உடைந்து கிடக்கிறதே என்று குனிந்து எடுத்துவிடாதே. அது என் புருஷன்.

எர்னஸ்டின்